துப்பு அண்ணாச்சி சொல்லாத க்ளைமாக்ஸ்

எனக்குத் தெரிந்து தூத்துக்குடியில் இதுவரை எதிரி நாட்டு உளவாளி ஒருவன்கூடப் பிடிபட்டதில்லை. கடலோரக் காவல் பலமாக இருப்பதுதான் காரணம் என்று நீங்கள் நினைக்கலாம். கிடையாது. துப்பு அண்ணாச்சி இருக்கிற ஊருக்குள் எந்த உளவாளியும் துணிந்து காலை வைக்க மாட்டான். வைத்தால், அவன் பல் துலக்குகிற பிரஷ் என்ன நிறம் என்பதுவரை அன்று சாயங்காலத்துக்குள் அண்ணாச்சியின் நோட்டில் ஏறிவிடும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ரேஷன் கடைக்காரர்கூட அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹார்பரில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைப் பார்த்துக் குறித்துக்கொள்கிற டேலி கிளார்க்காக அவர் முப்பத்தைந்து வருஷம் இருந்தார். அதே கிளியரிங் ஆபீஸில் நான் அவருக்கு ஜூனியராகப் போய்ச் சேர்ந்தேன். நான் சேர்ந்த மாதத்தில்தான் இந்தப் பெயர் வந்தது. அந்த வகையில் நானும் வரலாற்றுக்குச் சாட்சி.

சென்னையிலிருந்து எங்களுக்குப் புதிதாக ஒரு மானேஜர் வந்திருந்தார். வாயில் எந்நேரமும் வெற்றிலை. முதல் நாள் முதல் மணி நேரம். அண்ணாச்சி மூச்சிரைக்க ஓடிவந்து, மேஜைமேல் குனிந்து, மானேஜர் காதருகே ஒரே வார்த்தை சொன்னார்.

"சார், துப்பு."

ஒரு துப்பு கிடைத்திருக்கிறது என்று சொல்ல வந்தவர், பதற்றத்தில் மீதியை விழுங்கிவிட்டார். புது ஊர், புது ஆபீஸ், இங்கே வெற்றிலைக்குத் தடை போலிருக்கிறது என்று மானேஜர் மிரண்டு போனார். எழுந்து, திரும்பி, ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டார். கீழே வெள்ளைச் சீருடையில் சுங்க அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். அன்றைக்கு எங்கள் ஆபீஸ் ஃபைல் ஒன்றுகூட நகரவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தத் துப்பு என்ன என்று கேட்கிறீர்களா? ஒரு கப்பலின் மேல்தளத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது. முதல் நாள் ஒரு சிவப்புச் சட்டை, இரண்டு வெள்ளை பனியன். மறுநாள் ஒரு பனியன், இரண்டு சிவப்புச் சட்டை. "சங்கேதம்" என்றார் அண்ணாச்சி. என்னையும் இழுத்துக்கொண்டு கப்பலில் ஏறி, துணிக்கொடியைச் சுட்டிக்காட்டி, அது என்ன என்று கேப்டனிடமே கேட்டார். கேப்டன் நல்ல மனுஷன். சிரித்துக்கொண்டே துணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டு எங்களுக்குக் காபி கொடுத்தார். ஏணியில் இறங்கும்போது அண்ணாச்சி என் தோளைத் தட்டினார்.

"பாத்தியால, கேட்ட ஒடனே துணிய எடுத்துட்டான்."

"காஞ்சு போச்சு, எடுத்துட்டான் அண்ணாச்சி."

"நீ இன்னும் சின்னப் புள்ளலே" என்றார்.

இப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. ஓய்வு பெற்றாயிற்று, உளவு ஓயவில்லை. கறுப்புக் கண்ணாடியை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. எந்தக் கடையிலும் வாசலைப் பார்த்துதான் உட்காருவார். அவர் வீட்டிலிருந்து நாங்கள் கூடுகிற பேக்கரிக்கு ஐந்து நிமிஷ நடை. அவர் மூன்று தெரு சுற்றி இருபத்தைந்து நிமிஷத்தில் வருவார். எங்கள் வாட்ஸப் குழுவில் செய்தி போடுவார். போட்ட கையோடு அழித்துவிடுவார். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரிதான் அவருடைய காலை வணக்கம். என்ன போட்டீர்கள் என்று கேட்டால், "படிக்க வேண்டியவன் படிச்சிருப்பான்" என்பார். ஒருநாள் நான் போனையே வெறித்துக்கொண்டிருந்து, அழிப்பதற்கு முன் ஒரு செய்தியைப் பிடித்துவிட்டேன். 'இன்னைக்கு சாளை மீன் நல்லா இருக்கு' என்று இருந்தது.

உளவாளிப் படம் என்றால் அவருக்கு உயிர். ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். க்ளைமாக்ஸைச் சொல்லக்கூடாது. அவரும் யாருக்கும் சொல்ல மாட்டார். அவர் காதுபட யாரும் சொல்லக்கூடாது. எங்கள் டைப்பிஸ்ட் ஒரு தடவை கேன்டீனில், புதிதாக வந்த படத்தில் கொலைகாரன் யார் என்று உளறிவிட்டார். அண்ணாச்சி அவரோடு இரண்டு வருஷம் பேசவில்லை. இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை. நடுவில் நான். "அவர்ட்ட அந்த லெட்டர் அடிச்சாச்சான்னு கேளு" என்பார். கேட்டுச் சொல்வேன். "அடிச்சாச்சாம் அண்ணாச்சி" என்பேன். "சரின்னு சொல்லு" என்பார். சொல்வேன். என் வேலைக்காலத்தில் பாதி அந்த இரண்டு மேஜைக்கு நடுவிலேயே கழிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஹார்பரிலும் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்களிலும் பள்ளிக்கூடங்களிலும் வேலை பார்த்து ஓய்ந்த பதினோரு பேர் சேர்ந்து 'உப்புக்காத்து மன்றம்' என்று ஒன்று வைத்திருக்கிறோம். பேக்கரி மாடிதான் மன்றம். கீழே மக்ரூன் வேகிற வாசனை மேலே வரும். எங்களில் ஏழு பேருக்குச் சர்க்கரை வியாதி, ஆகவே வாசனையோடு சரி. வருஷத்துக்கு ஒரு தடவை பழைய படம் ஒன்றைத் திரையிட்டு ஆண்டு விழா கொண்டாடுவோம். எந்தப் படம் என்பதில் அடிதடி வராமலிருக்க இரண்டு காலி மக்ரூன் டப்பாக்கள் உண்டு. ஒன்றில் வருஷங்கள் எழுதிய சீட்டு, மற்றதில் படத்தின் வகை. போன வருஷம் 'எழுபத்திரண்டு', 'பக்தி' என்று விழுந்தது. பக்தியோடு எட்டுப் பேர் தூங்கினோம்.

இந்த வருஷம் தலைவர் கையை விட்டு எடுத்தார். தலைவர் சாத்தான்குளத்துக்காரர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். நாங்கள் 'பெரிய சார்' என்போம்.

"எழுபத்தெட்டு" என்று படித்தார். அடுத்த டப்பா. "உளவாளிப் படம்."

அண்ணாச்சி எழுந்து நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கண்கள் இருப்பதே எங்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அவை கலங்கியிருந்தன.

"வந்துட்டுல்லா" என்றார்.

"என்ன வந்துட்டு அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஏரலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர் பழைய படச்சுருள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். எழுபத்தெட்டாம் வருஷத்து உளவாளிப் படங்கள் என்று மூன்றை அவர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். 'ஏஜெண்ட் ஏகாம்பரம்' படத்தில் சத்தமே வரவில்லை, தள்ளிவிட்டோம். மிச்சம் இரண்டு. 'பனிமலைப் பகைவன்', 'சிவப்பு நங்கூரம்'.

நான் பனிமலைக் கட்சி. கட்சித் தலைவரே நான்தான். அதில் கதாநாயகி நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பனியில் சறுக்கி வருவாள். வேர்த்து வடிகிற இந்த ஊரில் என் பன்னிரண்டாம் வயது முழுவதும் அந்த நீல ஸ்வெட்டரைப் பற்றிய நினைப்பிலேயே போயிற்று. அதைப் பெரிய திரையில் இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று வீடு வீடாகப் போய் நான்கு பேரைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணாச்சி சிவப்பு நங்கூரம். அவரும் வீடு வீடாகப் போனார், மூன்று தெரு சுற்றி. கதையை அவர் சொல்லும்போது நமக்கு மூச்சு முட்டும். நம் துறைமுகங்களை வெடிவைத்துத் தகர்க்க ஒரு சதிக்கூட்டம். அதன் தலைவன் யார் என்று கூட்டத்தில் இருப்பவனுக்கே தெரியாது. ஒரே அடையாளம், கையில் சிவப்பு நங்கூரம் பச்சை குத்தியிருக்கும். அவனைத் தேடிவரும் கதாநாயகன் குண்டடி பட்டு, கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடப்பான். அங்கே அவனைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறவள் நர்ஸ் சில்வியா.

"தேவதைல அவ" என்பார் அண்ணாச்சி. "கஞ்சி ஊட்டுவா பாரு, அந்த ஒரு சீன் போதும்."

அந்தக் கஞ்சியில் மயங்கித்தான் தன் ஒரே மகளுக்கும் சில்வியா என்று பெயர் வைத்தார். குடும்பத்தில் எல்லோரும் எஸ்தர் என்று வைக்கச் சொன்னார்கள். மனுஷன் அசையவில்லை.

"சரி அண்ணாச்சி, கடைசில தலைவன் யாரு?" என்று நான் கேட்டேன். எதிர்க்கட்சியின் பலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாமா.

"அதச் சொல்லுதவன் துரோகி" என்று போய்விட்டார்.

ஓட்டெடுப்புக் கூட்டத்தில் பெரிய சார் ஒரு குண்டைப் போட்டார். "சிவப்பு நங்கூரம் போட்டியிலயே கிடையாது. அது எழுபத்தொன்பது. நான் இங்கதான் பாத்தேன். சாத்தான்குளத்துலருந்து மாத்தலாகி நான் இந்த ஊருக்கு வந்ததே எழுபத்தொன்பதுல. நல்லா ஞாபகம் இருக்கு, கடைசில அந்த விளக்குல ஏறினதும் கையத் தூக்கும்போது..."

அண்ணாச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பொத்திக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். ராகு காலம், எமகண்டம், அமாவாசை, பௌர்ணமி என்று ஒரு மாதத்தையே படித்து முடித்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் தவறாத மனுஷன் வாயிலிருந்து எமகண்டம் வந்ததைக் கேட்டுப் பெரிய சார் பேச்சை நிறுத்திவிட்டார்.

"எழுபத்தெட்டுதான்" என்றார் அண்ணாச்சி, காதிலிருந்து கையை எடுக்காமல்.

"ஆதாரம் இருக்கா?"

ஹார்பரில் ஒரு பெட்டி குறைந்தால் ஏழு ஆதாரம் காட்டுகிறவர் வாயை மூடிக்கொண்டு நின்றார். படம் ஊருக்கு வந்த நாள் எது என்று விசாரிக்க ஒருநபர் கமிஷன் அமைத்தார்கள். எதிர்க்கட்சிக்காரன் நான் கண்டுபிடித்துச் சொன்னால்தான் நம்பிக்கை என்று என்னையே அந்த ஒருநபர் ஆக்கினார்கள். எனக்கு ஒரே குஷி. எழுபத்தொன்பது என்று நிரூபித்துவிட்டால் நீல ஸ்வெட்டர் போட்டியின்றித் தேர்வு.

நேராக அண்ணாச்சி வீட்டுக்கே போனேன். அவர் மீன் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் போனேன். இத்தனை வருஷம் அவரிடம் ஜூனியராக இருந்ததில் இதுகூடப் படியாமலா இருக்கும். கதவைத் திறந்தது அவர் மனைவி கிரேஸ் டீச்சர். நாசரேத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"யாரு, பேசுங்க. குரலக் கேட்டாத்தான் ஆள் தெரியும்" என்றார்.

பெயரைச் சொன்னேன். உட்காரச் சொன்னார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"டீச்சர், சிவப்பு நங்கூரம் நம்ம ஊருக்கு எழுபத்தெட்டுல வந்துதா, எழுபத்தொன்பதுலயா?"

"இதுல என்ன சந்தேகம் தம்பி. எழுபத்தொன்பது. லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாளு. அன்னைக்குத்தான் சில்வியா பொறந்தா."

கமிஷன் வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எழுந்திருக்க வேண்டியவன்தான். டீச்சர் பேசிக்கொண்டே போனார்.

"எங்க மாமியாளுக்கு லெந்து நாள்ல சினிமான்னாலே ஆகாது. எனக்கோ நெறமாசம், படம் பாக்கணும்னு ஒரே ஆச. ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்குப் போறோம்னு சொல்லிட்டு இவுக என்னயக் கூட்டிட்டுப் போனாக. இடைவேள விட்டான். முறுக்கு வாங்கிட்டு வாரேன்னு இவுக போனாக. வாரதுக்குள்ள எனக்கு வலி வந்துட்டு. நேரா ஆஸ்பத்திரிதான். சொன்ன பொய் அப்படியே உண்மையாப் போச்சு."

"அப்ப மீதிப் படம்?"

"எங்க பாத்தோம்?"

"நீங்க பாக்கல டீச்சர். அண்ணாச்சி எப்பப் பாத்தாக?"

"என்னய விட்டுட்டு அவுக எப்படிப் பாப்பாக?" என்று டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஒரு படத்தை உலகத்திலேயே சிறந்த படம் என்று சொல்லிக்கொண்டு அலைகிற மனுஷன், அந்தப் படத்தை இடைவேளைக்கு மேல் பார்த்ததே கிடையாது. யோசித்துப் பார்த்தேன். நங்கூரம், குண்டடி, கஞ்சி. அவர் சொன்னது அத்தனையும் முதல் பாதி.

பார்க்க முயற்சி செய்யாமலும் இல்லையாம். ஆறுமுகநேரியில் ஒரு டூரிங் கொட்டகைக்கு அந்தப் படம் வந்ததென்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரே பிரதி, இரண்டு கொட்டகை. முதல் பாதியை ஏரலில் ஓட்டிவிட்டு இங்கே அனுப்புவான். இங்கே அது ஓடி முடிவதற்குள், அங்கே ஓடிய இரண்டாம் பாதி பஸ்ஸில் வரும். அன்றைக்கு பஸ் வழியில் படுத்துவிட்டது. வருகிற வரைக்கும் என்று வெட்டுக்கிளியை ஒழிப்பது பற்றி அரசாங்கப் படம் போட்டார்கள். வெட்டுக்கிளி ஒழிந்தது, பஸ் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டார்கள். சரியாக இடைவேளையில் கரண்ட் போயிற்று. அப்புறம் ஒரு வீடியோ கேசட் கிடைத்தது. நர்ஸ் கஞ்சி ஊட்டி முடித்ததும் திரை ஒரு வெட்டு வெட்டி, நாசரேத்தில் ஒரு கல்யாணம் ஓட ஆரம்பித்துவிட்டது. யாரோ அதன்மேல் பதிவு செய்துவிட்டார்கள்.

"நிறுத்திட்டீங்களா?"

"இல்ல, முழுசும் பாத்தோம். தெரிஞ்ச வீட்டுக் கல்யாணம். பந்தியில நாங்களே உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தோம்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

"யார்ட்டயாவது கேட்டுச் சொல்லுங்களேன்னு நானே சொல்லிப் பாத்தேன் தம்பி. கேட்டுத் தெரிஞ்சுக்கிடுறதுக்கு அது என்ன கரண்ட் பில்லான்னு கேக்காக. பிள்ளை பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில வச்சு எங்கிட்ட சொன்னாக, நீ பாக்காம நானும் பாக்க மாட்டேன், சேந்துதான் பாக்கணும்னு. அதுலருந்து காதப் பொத்திக்கிட்டு அலையுதாக."

பிறகு டீச்சர் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு இடது கண்ணு போயிட்டு. வலது கண்ணும் கொஞ்சங் கொஞ்சமா மங்கிக்கிட்டு வருது. டாக்டர் நாள் சொல்லல. ஆனா அடுத்த வருஷம் ஒங்க டப்பாவுல எது விழுந்தாலும் எனக்கு ஒண்ணுதான்."

அந்தச் சமயத்தில் அண்ணாச்சி மீன் பையோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன ஓடியது என்று தெரியவில்லை.

"என்னல, துப்பு கெடச்சுதா?"

"ஒண்ணும் கெடைக்கல அண்ணாச்சி."

"துப்பு கெட்ட பய" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அவர் திட்டியதில் எனக்கு அத்தனை சந்தோஷம் என்றைக்கும் இருந்ததில்லை.

ஆனால் கமிஷன் அறிக்கை என்று ஒன்று கொடுத்தாக வேண்டுமே. அடுத்த கூட்டத்தில் எழுந்து, படம் ஊருக்கு வந்தது எழுபத்தொன்பது என்று உள்ளதைச் சொன்னேன். அண்ணாச்சியின் முகம் செத்துப்போயிற்று. பெரிய சார் பேனாவை எடுத்து சிவப்பு நங்கூரத்தை அடிக்கப் போனார். அப்போது அண்ணாச்சி எழுந்தார்.

"சார், ஒரே ஒரு கேள்வி. ஒரு கப்பல் ஹார்பருக்கு வருது. அதோட பேப்பர்ல கட்டின வருஷம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதுவோம்? கப்பல் கட்டின வருஷத்தையா, நம்ம ஊருக்கு வந்து சேந்த வருஷத்தையா?"

பதினோரு பேரில் ஏழு பேர் ஹார்பர் ஆட்கள். வாழ்நாள் முழுக்க அந்தக் கட்டத்தை நிரப்பியவர்கள்.

"கட்டின வருஷம்" என்றார் பழைய கிரேன் ஆபரேட்டர் ஒருவர்.

"அப்ப படத்துக்கு மட்டும் என்ன வேற சட்டம்? மெட்ராஸ்ல எழுபத்தெட்டுல வந்த படம் மதுரை, திருநெல்வேலின்னு சுத்திட்டு இங்கன வந்து சேர எழுபத்தொன்பது ஆயிட்டு. லேட்டா வந்தது படத்தோட குத்தமா, நாம கடைசில இருக்கதோட குத்தமா?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் அத்தனை பேரும் அதுவரை எல்லாப் படத்தின் வருஷத்தையும் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு அது வந்த வருஷத்தைக் கொண்டே கணக்குப் பண்ணியிருக்கிறோம். டப்பாவில் போட்டு இத்தனை விழா நடத்தியதெல்லாம் ஒரு வருஷம் பிசகித்தான். நான் பென் டிரைவை மாட்டித் தணிக்கைச் சான்றிதழை மட்டும் காட்டினேன். தேதிக்கு எதிரே 1978 என்று தெளிவாக இருந்தது. அதைக்கூட அண்ணாச்சி பார்க்கவில்லை. தவறிப்போய்க் கடைசிக் காட்சி வந்துவிட்டால் என்ன செய்வது என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

"சரி, சான்றிதழ் பேசிட்டு" என்று பெரிய சார் பேனாவை மூடினார்.

ஓட்டெடுப்பு. சிவப்பு நங்கூரத்துக்கு ஐந்து கை. பனிமலைக்கு நான்கு கை எழுந்தது, ஐந்தாவதாகப் பெரிய சார் கை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கட்சித் தலைவன் கையையே காணோமே. நீல ஸ்வெட்டர் ஒரு நிமிஷம் என் கண்முன்னால் சறுக்கிக்கொண்டு வந்து, திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

"நான் நங்கூரம்" என்றேன்.

நான் சேர்த்த நான்கு பேரும் என்னைத் துரோகி என்றார்கள். அதில் ஒருவர் இன்றுவரை என்னோடு பேசவில்லை. அண்ணாச்சியோ கூட்டம் முடிந்து படியிறங்கும்போது என் சட்டைப்பையில் எதையோ திணித்துவிட்டுப் போனார். எடுத்துப் பார்த்தேன். ஒரு மக்ரூன். பொட்டலத் தாளில், 'சாப்பிட்டதும் தாளை அழிக்கவும்' என்று எழுதியிருந்தது.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு விழா. நான் எதையும் விதியின் கையில் விடத் தயாராக இல்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர். அது போனால் பக்கத்துக் கடையிலிருந்து ஜெனரேட்டர். பென் டிரைவ் என் பையில் ஒன்று, பெரிய சார் பையில் ஒன்று. இரண்டாம் பாதியில் நாசரேத் கல்யாணம் எதுவும் ஓடவில்லை என்பதை ஒலியை அணைத்து, விரலிடுக்கில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கிரேஸ் டீச்சருக்குத் திரையிலிருந்து நான்கடியில் நாற்காலி. இடப்பக்கம் அண்ணாச்சி. வலப்பக்கம் மகள் சில்வியா; ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை, லீவு போட்டு நாசரேத்திலிருந்து வந்திருந்தார்.

படம் ஓட ஆரம்பித்தது. முதல் பாதி முழுக்க அண்ணாச்சி டீச்சர் காதில் கதை சொல்லிக்கொண்டே இருந்தார். திரையில் கதவு திறப்பதற்கு முன்னால், "இப்பக் கதவத் தொறப்பான்" என்பார். கஞ்சி வந்தபோது மகளின் தோளைத் தட்டி, "பாத்துக்கோ, இவதான்" என்றார். சத்தம் போடாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இடைவேளை விட்டோம். எல்லோரும் டீ குடிக்க எழுந்தார்கள். அண்ணாச்சி அசையவில்லை. முறுக்குத் தட்டு முன்னால் வந்தபோதுகூட, பாம்பைக் கண்டவர்போல் காலைத் தூக்கிக்கொண்டார்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் அவருடைய பேச்சு நின்றுவிட்டது. அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. புருஷனும் பெண்சாதியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, புதுப்படம் பார்க்கிறவர்களாக முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணாச்சியிடம் முறைப்படி அனுமதி வாங்கிவிட்டேன், அதனால் சொல்கிறேன். கதாநாயகன் கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஏறுகிறான். அங்கே வெடியைப் பற்றவைக்க ஒரு உருவம் நிற்கிறது. விளக்கு சுழல்கிறது. அந்த உருவம் கையைத் தூக்க, வெள்ளைச் சட்டைக் கை நழுவி இறங்க, முழங்கைக்குக் கீழே சிவப்பாக, ஒரு பொட்டு அளவுக்கு, நங்கூரம். பிறகு முகம்.

டீச்சர் திரையை நோக்கிக் கண்ணைச் சுருக்கினார்.

"கையில என்னமோ காட்டுதான். எனக்குத் தெரியல. யாருங்க அது?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார், மூடினார். வாழ்நாளில் ஒருவருக்கும் க்ளைமாக்ஸ் சொல்லாத மனுஷன். டைப்பிஸ்டோடு இரண்டு வருஷம் பேசாதவர். திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு மனைவியின் காதருகே குனிந்தார். குனிந்தாரே தவிர, குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஏளா, நம்ம சில்வியாதான்."

"எந்த சில்வியா?"

"கஞ்சி கொடுத்தால்லா. அவதான் தலைவி."

டீச்சர் அந்தச் செய்தியை ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா, எஸ்தர்னு வைப்போம்னு."

நாங்கள் பத்துப் பேரும் அதற்காகத்தான் காத்திருந்தோம். கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. பெரிய சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நீரு தெரிஞ்சே பிள்ளைக்கு அந்தப் பேர வச்சீருன்னுல்லா நான் இத்தன வருஷமா நெனச்சிட்டு இருக்கேன். அதனாலயே உம்மக் கண்டா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம்" என்றார்.

அண்ணாச்சி மகளைப் பார்த்த பார்வை பரிதாபமாக இருந்தது. மகளோ நிதானமாக இருந்தார்.

"விடுங்கப்பா. பரீட்சையில பிட்டு எங்க ஒளிச்சு வச்சாலும் நான் புடிச்சிருவேன்னு, ஸ்கூல்ல பிள்ளைங்க எனக்கு உளவாளின்னுதான் பேர் வச்சிருக்கு."

அதைக் கேட்டதும் அண்ணாச்சியின் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாத்தியளா, ரத்தம்" என்றார் எங்களைப் பார்த்து. திரையில் அதற்குள் வெடி செயலிழந்து, துறைமுகம் காப்பாற்றப்பட்டு, வணக்கம் போட்டாகிவிட்டது. அதை யாரும் பார்க்கவில்லை.

அவர்கள் மூவரும் படியிறங்கிப் போனார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி நடந்தார். மூன்று தெரு சுற்றவில்லை. நேர்வழியிலேயே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை வாட்ஸப் குழுவில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வழக்கம்போல் அழியட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று, மத்தியானம் ஆயிற்று, அழியவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

'கிரேஸ் முழுப்படமும் பாத்துட்டா.'

என் போனில் இடமில்லை, பழையதை எல்லாம் அழியுங்கள் என்று அது தினமும் கெஞ்சுகிறது. அதில் ஏற்றி வைத்திருந்த நீல ஸ்வெட்டர் படத்தை அழித்தேன். இதை அழிக்க எனக்குக் கை வராது.